தொடங்கினாரா, தொடக்கினாரா, துவக்கினாரா?

சென்ற மாதம் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி தன் கட்டுரை ஏட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தாள். ‘தலைமையாசிரியர் விழாவைத் துவக்கி வைத்தார்’ என்ற வரியில் ‘துவக்கி’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதன்மேல் ‘தொடங்கி’ என்று திருத்தி, அரை மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார் அவளுடைய ஆசிரியை. ஏட்டோடு ஒரு செய்தித்தாள் துண்டும் அவள் கையில் இருந்தது. அமைச்சர் ஒருவர் கண்காட்சி ஒன்றைத் ‘துவக்கி வைத்தார்’ என்று அதில் கொட்டை எழுத்தில் தலைப்பு. “தாத்தா, அவங்க எழுதினா சரி, நான் எழுதினா தப்பா?” என்று கேட்டாள்.

கேள்வி சிறியது. ஆயினும் விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த ஆசிரியை என்னிடம் தமிழ் படித்தவர். ‘துவக்கம் பிழை, தொடக்கமே சரி’ என்று பல ஆண்டுகளுக்கு முன்னர்க் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நானே. ஏன் பிழை என்று அன்று எந்த மாணவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தால் அன்றோ சொல்லியிருப்பேன்! ஆகவே, ஒரு செயலை நடக்கச் செய்வதைக் குறிக்கும் இச்சொற்களின் வரலாற்றை இப்போதாயினும் சற்று ஆராய்வோம் என்று அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். கண்டவற்றைத் தமிழாசிரியர்முன் வைக்கின்றேன்.

‘தொடங்கு’ என்பதன் வேர் ‘தொடு’ என்பதே. தொடுதல், தொடர்தல், தொடுத்தல், தொடை, தொடலை, தொடக்கு ஆகிய யாவும் ஒரு குடும்பம். பூவைத் தொடுத்தால் அது தொடலை. எழுத்தும் அடியும் ஒன்றோடொன்று இயையுமாறு தொடுத்தால் அது மோனைத் தொடை, எதுகைத் தொடை. ஒன்றை மற்றொன்றோடு கொளுவுதலே இக்குடும்பத்தின் பொதுப்பொருள். ஒரு வேலையில் கையை வைத்து அதனோடு தன்னைப் பிணைத்துக்கொள்பவன் தொடங்குகின்றான். இன்றும் நாம் ‘வழக்குத் தொடுத்தான்’, ‘போர் தொடுத்தான்’ என்கிறோம். அங்கே ‘தொடு’ என்பதே தொடங்கற்பொருளைத் தந்து நிற்கின்றது. ‘அன்று தொட்டு இன்றுவரை’ என்னும்போதும் அவ்வாறே.

சொல் நமக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் ‘துடங்ஙுக’, கன்னடத்தில் ‘தொடகு’, தெலுங்கில் ‘தொடகு’ என்று இது வழங்குகின்றது. கன்னடச் சொல்லுக்கு ஒரு வேலையில் ஈடுபடுதல் என்னும் பொருள் இன்றும் உயிரோடு இருத்தல் நோக்கத்தக்கது. பிணைப்பிலிருந்து தொடக்கம் பிறந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

இனி இச்சொல்லின் இலக்கணத்துக்கு வருவோம். பெரும்பாலான ஆசிரியர்கள் இடறுவது இங்கேதான். அடங்கு – அடக்கு, முடங்கு – முடக்கு, இயங்கு – இயக்கு, இறங்கு – இறக்கு என்று தமிழில் இரட்டை இரட்டையாக வினைகள் உள்ளன. மெல்லெழுத்து நின்றால் தன்வினை. அது வல்லெழுத்தாக இரட்டித்தால் பிறவினை. 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இவ்வமைப்பை விரிவாகப் பேசியிருக்கின்றார். இவ்விதிப்படி ‘தொடங்கு’ தன்வினையும் ‘தொடக்கு’ பிறவினையும் ஆகவேண்டும். ஆனால் ‘தொடங்கு’ விதிக்குள் முழுவதும் அடங்குவதில்லை. கூட்டம் அடங்கியது என்போம். கூட்டத்தை அடக்கினர் என்போம். ‘கூட்டத்தை அடங்கினர்’ என்று யாரும் சொல்லார். ‘கூட்டம் தொடங்கியது’ என்பதும் தமிழ். ‘கூட்டத்தைத் தொடங்கினர்’ என்பதும் தமிழ். ஒரே வடிவம் இரு பக்கமும் நிற்கின்றது. வாங்கு, தாங்கு, வணங்கு, வழங்கு, விழுங்கு முதலியனவும் மெல்லெழுத்தோடு நின்றே செயப்படுபொருளை ஏற்கும் வினைகள் ஆதலின், இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இது பிற்காலத்தார் நெகிழ்ச்சி என்று எண்ணவேண்டா. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் ‘தொடங்கார்’ என்றும், இடனறிதல் அதிகாரத்தில் ‘தொடங்கற்க’ என்றும் வருவதைக் காண்க. இரண்டிடத்திலும் அவ்வினை செயப்படுபொருளைக் கொண்டே நிற்கின்றது. எனவே ‘விழாவைத் தொடங்கி வைத்தார்’ என்பதைப் பிழை என்பார் வள்ளுவரோடு வழக்காட வேண்டும்.

அப்படியாயின் ‘தொடக்கு’ வேண்டாத வடிவமா? அன்று. இதை எனக்குக் கற்பித்தவர் எந்த இலக்கண ஆசிரியரும் அல்லர். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கற்பித்தார்.

நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். மாணவன் ஒருவன் தன் இளமைக் காலத்தைப் பற்றிய கட்டுரையில், ‘விசயதசமி அன்று அப்பப்பா எனக்கு ஏடு தொடக்கினார்’ என்று எழுதியிருந்தான். நான் ‘தொடக்கினார்’ என்பதை அடித்து, ‘தொடங்கினார்’ என்று எழுதி, ஏட்டின் ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்றும் குறித்துவிட்டேன். மறுநாள் மாலை அவனுடைய அப்பப்பா பள்ளிக்கு வந்தார். கையில் குடை, தோளில் மடித்த சால்வை. கோபமே இல்லை. ஏட்டை என் மேசைமேல் விரித்து வைத்து, “மாஸ்டர், ஏடு தொடங்கினது பிள்ளை, தொடக்கினது நான். நீங்கள் வெட்டினது என்ரை வேலையை எல்லோ?” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கும் சடங்கை யாழ்ப்பாணத்தார் ‘ஏடு தொடக்குதல்’ என்பர். தமிழகத்தில் பலர் இதனை ‘வித்தியாரம்பம்’ என்றோ ‘அட்சராப்பியாசம்’ என்றோ வடமொழிப் பெயரால் வழங்க, ஈழத்தார் நல்ல தமிழ்ச் சொல்லை, அதுவும் பிறவினை வடிவு கெடாமல், பேச்சு வழக்கிலேயே காத்து வைத்திருக்கின்றனர். தொடங்குபவன் வேறு, தொடங்கச் செய்பவன் வேறு என்னும் நுட்பம் அந்த ஒரு வல்லெழுத்தில் இருந்தது. என் சிவப்பு மை அப்பப்பாவை வாக்கியத்திலிருந்தே வெளியேற்றிவிட்டது. ஏட்டைத் திருத்திக் கொடுத்தேன். எனினும் ‘கவனக்குறைவு’ என்று எழுதியது எழுதியதுதான். மையால் எழுதியதை அழிக்க முடியவில்லை. மேலே ஒரு கோடு இழுத்தேன். அது முன்னிலும் மோசமாகத் தெரிந்தது.

இதே ஈழ வழக்கில் ‘தொடக்கு’ அல்லது ‘துடக்கு’ என்பது தீட்டையும் குறிக்கும். பிறப்பு வீட்டுக்கும் இறப்பு வீட்டுக்கும் உரியவர்களைப் பற்றிக்கொள்ளும் பிணைப்பு என்பது கருத்து. கட்டுதல், பிணித்தல் என்னும் பழம்பொருளின் எச்சம் இது.

இனிச் சிறுமியின் சொல்லாகிய ‘துவக்கு’ என்பதைப் பார்ப்போம். பிழை திருத்தப் பட்டியல்கள் பல இதனைக் கண்டவுடன் தள்ளுகின்றன. ‘தொடங்கு’ என்பதன் சிதைவு என்பதே அவை கூறும் காரணம். தொடை – துடை, தொளை – துளை என்று ஒகரமும் உகரமும் மாறி நிற்றல் தமிழில் உண்டு. மலையாள வடிவமும் உகரத்தோடு நிற்கின்றது. ஆனால் டகரம் வகரமாவதற்கு இவ்வளவு எளிதாக இணை காட்ட இயலாது. அதனால் ‘சிதைவு’ என்று சொல்லிவிட்டு அப்பால் செல்வது, விளக்கம் சொன்னதாக ஆகாது.

மற்றொன்றையும் நோக்குக. ‘துவக்கு’ என்பதற்குக் கட்டு, பிணிப்பு என்னும் பொருள் உண்டு. ‘துவக்குண்ணுதல்’ என்றால் கட்டுண்ணுதல். ‘தொடக்கு’ என்பதற்கும் அதே பொருள் என்று மேலே கண்டோம். இரு சொற்களும் ஒரே பொருளில் நின்று, ஒரே வழியில் தொடங்கற்பொருளுக்கு நடந்து வந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் சிதைவாயினும் ஆகுக, உடன்பிறப்பாயினும் ஆகுக, மொழியின் போக்குக்கு மாறாக இச்சொல் எதையும் செய்துவிடவில்லை. இயங்கு – இயக்கம், மயங்கு – மயக்கம், வணங்கு – வணக்கம் என்று பெயர் பிறப்பதுபோலவே, துவங்கு – துவக்கம் என்று ஒழுங்காகப் பெயரும் பிறந்திருக்கின்றது. நாளிதழ்களும் மேடைகளும் இதனை நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஆயினும் பழைய இலக்கிய ஆட்சியில் தொடங்கற்பொருளுக்கு உரிமையோடு நிற்பது ‘தொடங்கு’ என்பதே. ஆகவே ‘துவங்கு’ என்பதை வழக்குச் சொல் என்று கொள்ளலாம். பிழைச் சொல் என்று தண்டிக்கலாகாது என்பது என் துணிபு.

(யாழ்ப்பாணத்தாரிடம் ‘துவக்கு’ என்று சொல்லும்போது மட்டும் சற்று விழிப்பாக இருக்கவேண்டும். அவர்கள் வழக்கில் அது துப்பாக்கி. துப்பாக்கியும் துவக்கும் துருக்கிச் சொல் ஒன்றின்வழி வந்தவை. அதற்கும் நம் வினைக்கும் உறவில்லை.)

‘ஆரம்பம்’ வடசொல். அதன் தாது ‘ரப்’ என்பது. பற்றுதல், பிடித்தல் என்பது பொருள். ஒன்றைக் கையால் பற்றிக்கொள்வதே ஆரம்பம். இலத்தீன் மொழியில் தொடங்குதலைக் குறிக்கும் ‘இன்கிபெரே’ என்னும் சொல்லும் பற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததே. தேருக்கு வடம் பிடித்தால்தான் தேரோட்டம் தொடங்குகின்றது. மக்கள் எங்கும் ஒரே வகையாகவே எண்ணியிருக்கின்றனர்.

வடசொல்லைத் தமிழ் வினையாக்க நம் முன்னோர் கையாண்ட வழி, இகர ஈறு சேர்ப்பது. யோசி, விசாரி, உபதேசி என்பனபோல ‘ஆரம்பி’ பிறந்தது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியைத் தோற்றுவித்தபின்னர், இத்தகைய சொற்களுக்கு நேரே தமிழ்ச் சொற்களை எடுத்து வைக்கும் பழக்கம் வளர்ந்தது. அடிகளார் தம் ‘ஞானசாகரம்’ இதழையே ‘அறிவுக்கடல்’ ஆக்கியவர். ‘ஆரம்பம்’ இருந்த இடங்களில் ‘தொடக்கம்’ வந்து அமர்ந்தது அப்பழக்கத்தின் பயன்களில் ஒன்று.

ஆனால் எல்லா இடங்களிலும் அமரவில்லை. தமிழகத்தில் பள்ளி ‘தொடக்கப் பள்ளி’ ஆயிற்று. மருத்துவ நிலையமோ ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ என்றே பெயர்ப்பலகையில் நின்றது. சிங்கப்பூரில் ‘தொடக்கநிலை’, ‘தொடக்கப்பள்ளி’ என்பன நிலைபெற்றன. அங்கே பதினேழு, பதினெட்டு வயது மாணவர் பயிலும் இடத்துக்கும் ‘தொடக்கக் கல்லூரி’ என்றே பெயர். ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள் இருக்குமிடத்தில் ஒரே தமிழ்ச் சொல் இரட்டைச் சுமை சுமக்கின்றது. மலேசியாவில் ‘ஆரம்பப் பள்ளி’ என்பது இன்றும் எல்லார் வாயிலும் வழங்குகின்றது. இலங்கையில் ‘ஆரம்பக் கல்வி’ என்பர். இலங்கை இதழ்கள் ஒரு சங்கத்தின் முதற்கூட்டத்தை ‘அங்குரார்ப்பணம்’ என்று எழுதுவதும் உண்டு. அங்குரம் என்பது முளை. கோயில் விழாவுக்கு முன் பாலிகையில் முளையிடும் சடங்கின் பெயர் அது. ஏடு தொடக்கும் மண்ணில் சங்கத்தைத் தொடக்காமல் அங்குரார்ப்பணம் செய்கின்றார்களே என்பது எனக்குள்ள சிறு குறை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘ஆரம்ப சூரன்’ என்பதைத் ‘தொடக்கச் சூரன்’ என்று மாற்றிப் பாருங்கள். நகைப்பு வருகின்றதே ஒழிய, கருத்து வரவில்லை. “ஆரம்பிச்சுட்டாரா?” என்று வீட்டில் சலிப்போடு கேட்பதை எந்தச் சொல்லால் பெயர்ப்பது? விலக்க எண்ணிய சொல் நம் கேலியிலும் சினத்திலும் போய் ஒளிந்துகொண்டது.

நம் நாட்டு மலாய் மொழிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தொடக்கத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘மூலா’. வேரைக் குறிக்கும் வடசொல்லாகிய ‘மூல’ என்பதிலிருந்து வந்தது அது. நம் ‘மூலம்’ என்பதும் அதுவே. மலாய்க்காரர் வேரிலிருந்து தொடங்கினர்; தமிழர் தொடுதலிலிருந்து தொடங்கினர். அரசாங்க விழாக்களில் ‘மெராஸ்மிகான்’ என்னும் மலாய்ச் சொல் வழங்குகின்றது. முறைப்படி அரசு முத்திரையோடு ஒன்றை ஆக்குதல் என்பது அதன் கருத்து. அதில் தொடக்கம் என்னும் பொருளே இல்லை. அதனைப் பெயர்க்கப் புகுந்த நம் செய்தியாளர் ‘அதிகாரப்பூர்வமாகத் தொடக்கி வைத்தார்’ என்று எழுதி எழுதி, அத்தொடர் மலேசியத் தமிழின் அடையாளமாகவே ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெரியவரின் வல்லெழுத்து இங்கே அமைச்சர்களால் பிழைத்திருப்பது ஒரு வேடிக்கை.

பழந்தமிழில் இப்பொருளுக்கு உரிய அழகிய சொல் ‘கால்கோள்’. தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல்லுக்குரிய நிலைகளைக் கூறுமிடத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று வரிசைப்படுத்துகின்றது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் கொண்ட வரலாற்றைக் கூறும் காதைகளின் பெயர்களும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. இருபத்தாறாவது காதை கால்கோட் காதை. கல்லைக் கொள்ளுதற்குச் செய்யும் முயற்சியின் தொடக்கம் அது. பின்னர் எவ்வகை விழாவின் தொடக்கமும் கால்கோள் ஆயிற்று. திருமணத்துக்குப் பந்தற்கால் நடுகின்ற வழக்கத்தோடு இச்சொல்லைச் சேர்த்து எண்ணும்போது, ஒரு கம்பை ஊன்றி ‘இங்கே இது நடக்கும்’ என்று ஊருக்கு அறிவித்த பழைய காட்சி என் கண்முன் வருகின்றது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைச் சிலர் ‘கால்கோள் விழா’ என அழைப்பிதழில் அச்சிடுகின்றனர். நல்லதே.

தொழில் செய்வார் இவ்வளவு தொலைவு செல்வதில்லை. கடைக்காரர் ‘தொடங்கினேன்’ என்று சொல்வதில்லை. ‘போணி ஆயிற்று’ என்பார். உழவர் சித்திரையில் நல்லேர் பூட்டுவர். கொத்தனார் கடைக்கால் எடுப்பார். கோயிலில் கொடியேற்றினால் திருவிழா தொடங்கிவிட்டது என்று பொருள். நம் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் ‘பிரட்டு’க்குப் போனால் அன்றைய வேலை தொடங்கிற்று. கணக்கெழுதுவார் பிள்ளையார் சுழி போடுவார். பாடகர் பாட்டை எடுப்பார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பவற்றைத் தமிழிசை அன்பர்கள் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்றனர். அந்தத் ‘தொடுப்பு’ என்பதிலும் நம் வேர் இருக்கின்றது.

பிறரைத் தொடங்கச் செய்வதற்கு ஒரு தனித் தொடர் தமிழில் உண்டு: ‘அடியெடுத்துக் கொடுத்தல்’. சேக்கிழார் பெரிய புராணம் பாடத் தொடங்கியபோது இறைவனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. மேடையில் பாட்டு மறந்து நிற்கும் குழந்தைக்குத் திரைமறைவிலிருந்து ஆசிரியை செய்வதும் அதுவே.

மாணவருக்குக் கட்டுரை கற்பிக்கும்போது பயன்படக்கூடியது வேறொன்று. ‘பேசத் தொடங்கினான்’ என்பதற்கு இணையாகப் ‘பேசலானான்’, ‘பேசப் புகுந்தான்’, ‘பேசத் தலைப்பட்டான்’, ‘பேச முற்பட்டான்’ என்று எழுதுகிறோம். இவை யாவும் ஒன்றெனக் கற்பிப்பது தவறு. ‘பேசலானான்’ என்பதில் பேச்சு இயல்பாக ஓடத் தொடங்குகின்றது. கதை சொல்வார்க்கு உரியது அது. ‘புகுந்தான்’ என்றால் ஒரு பெரிய பொருளின் வாயிலில் நிற்கின்றான். ‘தலைப்பட்டான்’ என்பதில் துணிவோ பிடிவாதமோ இருக்கின்றது. ‘முற்பட்டான்’ என்றால் பேச முனைந்தான். பேசினானா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். ‘திருடன் ஓட முற்பட்டான்’ என்று எழுதினால் அவன் பிடிபட்டிருக்கவும் கூடும். ‘ஓடலானான்’ என்றால் போய்விட்டான். இவ்வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால், ‘துவக்க’த்தை வட்டமிடுவதைவிட மாணவர்க்கு நன்மை மிகுதி.

பொறிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘இயக்கு’, ‘முடுக்கு’ என்பன நூலில் உள்ளன. வாயில் ‘ஸ்டார்ட் பண்ணு’தான். தமிழகத்தில் ‘வண்டியைக் கிளப்பு’, ‘வண்டியை எடு’ என்கின்றனர். ‘கிளப்பு’ என்பது கிளம்பு என்பதன் பிறவினை. புழுதிக்கும் வதந்திக்கும் வண்டிக்கும் அது பொது.

இவ்வளவும் கண்டபின் அந்த ஆசிரியைக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் கரும்பலகையில் எழுதிய வரி அரைகுறை என்பதை முதலில் சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, “ஐயா, பதினைந்து வருசமா வட்டம் போட்டுட்டு வரேனே?” என்றார். “அதற்கு முன்னால் நான் எத்தனை வருசம் போட்டேன் என்று எண்ணிப் பாரம்மா” என்றேன். தேர்வுத்தாளில் என்ன செய்வது என்று கேட்டார். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டா என்றும், ‘தொடங்கு, தொடக்கு இவையும் உண்டு, பழைய நூல்களில் இவையே’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினால் போதும் என்றும் கூறினேன். தேர்வு வாரியத்தார் தம் விடைக்குறிப்பில் வேறாகச் சொன்னால் என்ன செய்வது என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை, அவர்கள்தாம் சொல்லவேண்டும்.

மறுநாள் சிறுமி ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அரை மதிப்பெண் திரும்பி வந்திருந்தது. சிவப்பு வட்டம் மட்டும் அப்படியே இருந்தது.